நாலாம் நம்பர் படத்தில் இல்லாத நாற்பது நொடி

நாலாம் நம்பர் படத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் முழுப் படமும் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன். சுகாதாரக் கல்வி அலுவலகத்தின் வேனில் அந்தப் படத்தை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போனவன் நான். அது ஓடும்போது வெளியே உட்கார்ந்திருந்தவனும் நான்தான். ஆண்கள் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது விதி. அந்தப் படத்தை ஓட்டியவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அதிலிருந்து நாற்பது நொடியை அவர் வெட்டி எடுத்தார். அந்த நாற்பது நொடி அவர் பெற்ற மகளின் உயிருக்கே உலை வைத்தது.

எங்கள் அலுவலகத்தில் படச்சுருள்களைத் தகர டப்பாக்களில் போட்டு நம்பர் எழுதி அடுக்கியிருப்பார்கள். ஒன்று, கொசு. இரண்டு, பல் தேய்ப்பது. மூன்று, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது. நாலாவது, பெரியவளாகப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிற படம். அதற்கு ஓர் அழகான பெயர் டப்பாவின் மேல் ஒட்டியிருந்தது. யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நாலாம் நம்பர் என்றால் போதும். தலைமை கிளார்க் அந்த டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார். கொசு முட்டையிடுகிற காட்சியைக் கண்கொட்டாமல் பார்த்த மனிதர்தான் அவர்.

அந்தப் படம் வந்த புதிதில் அலுவலகத்தில் படம் ஓட்டும் பழைய ஆபரேட்டரையே அனுப்பினார்கள். முதல் பள்ளியிலேயே தலைமை ஆசிரியை அவரை வாசலோடு நிறுத்திவிட்டு, தையல் டீச்சரை வைத்து மெஷினை ஓட்டப் பார்த்தார். சுருள் சிக்கி, விளக்குச் சூட்டில் ஓர் இடம் கருகிப்போனது. அப்புறம்தான் ஒரு பெண் ஆபரேட்டர் வேண்டும் என்று மேலிடத்துக்கு உறைத்தது. படச்சுருள் அறையைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டரம்மாவைக் கைகாட்டினார்கள். அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆறே நாளில் கற்றுக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் படக்காரம்மா. நாளடைவில் சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே பெயராகிவிட்டது.

ஒல்லியான உடம்பு, பெரிய குரல். மெஷினில் சுருளைக் கோக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அதட்டும்போது அந்த அண்ணே எங்கே போகும் என்றே தெரியாது. கறார் பேர்வழி. பள்ளிக்குப் போனதும் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி மாட்டுவார், திரையைக் கட்டுவார், திரைக்கு அடியில் ஸ்பீக்கர் பெட்டியை வைப்பார். மெஷின் கூடத்தின் கடைசியில், நாற்பதடி தள்ளி நிற்கும். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகுதான் விளக்கைப் போடுவார். நான் எப்போதும் திரைப்பக்க ஜன்னலுக்குக் கீழே நிழல் பார்த்து வேனை நிறுத்தி, அதன் படியில் உட்காருவேன். ஜன்னலில் துணிதான் இருக்கும். புழுக்கத்துக்காக ஜன்னல் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஸ்பீக்கருக்கும் என் காதுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். படக்காரம்மா மெஷினின் கடகடப்புக்குப் பக்கத்தில் நிற்பார். அந்தச் சத்தத்தில் அவருக்குத் தன் மூச்சே கேட்காது. மெஷினை விட்டு ஓர் அடி நகரவும் முடியாது. சுருள் ஒரு நொடி சிக்கி நின்றாலும் கருகிவிடும்.

படம் முழுக்க ஒரே ஒரு பெண்ணின் குரல்தான். இனிமையான, அவசரமில்லாத குரல். எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை, கசங்காத சேலை கட்டிய ஓர் அம்மா, கருப்பையைப் படம் வரைந்து காட்டுவது, நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போடுவது, துணியை எப்படி மடிப்பது, எப்படித் துவைத்து வெயிலில் காயவைப்பது. இதெல்லாம் படக்காரம்மா எப்போதோ சொல்லித் தெரிந்துகொண்டது. மூன்றிலிருந்து ஏழு நாள் வரை இருக்கும் என்று அந்தக் குரல் சொல்லும். அதன் பிறகு ஒரு டாக்டர் வருவார். கடைசியில் அந்தப் பிள்ளை தோழிகளோடு பந்து விளையாடும். அவ்வளவுதான் படம்.

டாக்டர் வருகிற இடம்தான் முன்பு கருகியது. ஒட்டுப்போட்டு ஓட்டினாலும் அங்கே வந்ததும் படம் துள்ளும், ஓரத்து ஓட்டைகள் கிழியும், மெஷின் நிற்கும். பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். போதாக்குறைக்கு டாக்டரைக் கண்டாலே சில பிள்ளைகளுக்கு அழுகை வந்துவிடும். படக்காரம்மா புதுப் பிரதி கேட்டு மூன்று கடிதம் எழுதினார்; கிணற்றில் போட்ட கல்தான். ஒருநாள் பொறுமை இழந்து, சுருள் அறையில் மேஜையைப் போட்டு உட்கார்ந்து வெட்டிவிட்டார். கிழிந்த இடம் பத்துப் பதினைந்து நொடிதான் இருக்கும். அரைகுறையாக ஒரு டாக்டர் வந்துபோவதைவிட ஒரேயடியாக இல்லாமல் இருப்பதே மேல் என்று, டாக்டர் வரும் நாற்பது நொடியையும் எடுத்துவிட்டு, அம்மா காட்சியோடு பந்து விளையாட்டை ஒட்டினார். வெட்டிய துண்டைத் தூக்கிப்போட மனம் வராமல் ஒரு பவுடர் டப்பாவுக்குள் சுருட்டிவைத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிச் சுருளில் படமும் அதற்கான சத்தமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. ஒரு காட்சிக்கான சத்தம் அந்தக் காட்சிக்கு ஒரு நொடி முன்னாலேயே பதிந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்து வெட்டினால், வெட்டிப்போன காட்சியின் சத்தத்தில் முதல் ஒரு நொடி சுருளிலேயே தங்கி, அடுத்த காட்சியின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். படக்காரம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. வெட்டி ஒட்டினால் சத்தம் வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்த ஆறு நாள் பயிற்சியில் இரண்டாவது நாள் பாடம்.

அன்றைக்கும் அவர் போய்க் கேட்டார். சத்தம் வைத்து ஓட்டணும், ஆம்பளைங்க கொஞ்ச நேரம் வெளியே போறீங்களா என்று. தலைமை கிளார்க்குக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"அதெல்லாம் ஆபீஸ்ல வேணாம்மா. நாலு பேர் வந்து போற இடம். அந்தச் சத்தம் இங்க கேக்கவே கூடாது. பாக்கணும்னா ஊமையா ஓட்டிப் பாருங்க."

ஊமையாக ஓட்டிப் பார்த்தார். படம் துள்ளவில்லை, சிக்கவில்லை, வெண்ணெய் போல ஓடியது. "அண்ணே, இனி தொல்ல விட்டுது" என்று வேனில் ஏறும்போது சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். பிள்ளைகள் கத்தாவிட்டால் நான் கொஞ்சம் கண்ணயரலாம்.

அடுத்த ஒன்பது வருஷம் அந்தப் படம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. எத்தனை பள்ளிகள் என்று அவர் வைத்திருந்த நோட்டில் இருக்கிறது. நான் கணக்கு வைத்ததில்லை. புதிதாக வந்த ஒரு வரி மட்டும் என் காதில் ஒட்டிக்கொண்டது. "ஏழு நாள் தாண்டினால் பயப்பட வேண்டியதில்லை. வழக்கம்போல் விளையாடலாம், சிரிக்கலாம்." எனக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். ஏழா, எழுபதா என்று எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்? வேன் பட்டறையில் பத்து நாளாகக் கிடந்தபோது மெக்கானிக்கிடம் இதே வரியை அதே குரலில் சொல்லிக் கிண்டல் செய்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். படக்காரம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. படத்தைப் பற்றி ஆம்பளை பேசினால் அவருக்குப் பிடிக்காது. அந்தக் கிண்டலை ஒரே ஒருமுறை அவரிடம் சொல்லித் திட்டு வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சாயப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு பள்ளி இருந்தது. அங்கே போனாலே மூக்கு எரியும். வெட்டிய ஏழாம் வருஷம் என்று ஞாபகம், அங்கே ஒரு பிள்ளை படம் முடிந்ததும் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தது. இது எப்படிச் சுத்துது, அந்த ஓட்டை எதுக்கு, அந்த அக்கா நிஜமாவே பேசுறாங்களா என்று ஒரே கேள்வி. படக்காரம்மா அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்தார். நான் சாமான்களை ஏற்ற உள்ளே போயிருந்தேன். அதனால் கடைசிக் கேள்வியை நானும் கேட்டேன்.

"ஏழு நாளுன்னு சொன்னாங்களே, அது மொத நாளையும் சேத்தாங்கம்மா?"

"சேத்துத்தான் கண்ணு" என்றார் படக்காரம்மா, வயரைச் சுற்றிக்கொண்டே. "நல்லா கவனிச்சிருக்கியே. சபாஷ்."

மறு வருஷம் அதே பள்ளிக்குப் போனபோது வக்கீலைக் காணோம். எங்கே என்று கேட்டதற்கு டீச்சர் உச்சுக்கொட்டினார். "அந்தப் பொண்ணு தவறிடுச்சும்மா. சோகைன்னாங்க. வெளுத்துப்போய் ரெண்டு மாசம் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒருநாள் பிரேயர்ல விழுந்தவதான், எந்திரிக்கல." படக்காரம்மா அய்யோ பாவமே என்றார். அப்புறம் ஜன்னலுக்குத் துணி மாட்டினார். நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். படம் ஓடியது. அந்த வரியும் வந்தது. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

படக்காரம்மாவுக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் தூரத்தில் கப்பல் பட்டறையில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். படக்காரம்மா சுற்றுப்பயணம் போனால் பாப்பாவை அத்தை பார்த்துக்கொள்வார். அத்தை அதே வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தார். பாப்பா பூஞ்சை உடம்பு. மூக்கைச் சிந்தினாலே ரத்தம் வரும். பால்பல் விழுந்தபோது ஒரு துண்டு முழுக்க நனைந்தும் நிற்கவில்லை என்று படக்காரம்மா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அதைக் கேட்டுப் பயப்பட ஆளில்லை.

பாப்பாவின் பள்ளியில் படம் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படக்காரம்மா அன்றைக்கு இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தார். பாப்பா முதல் வரிசையில், கிட்டத்தட்ட ஸ்பீக்கர் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டது. எங்கம்மா போடுற படம் என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டது. நான் வெளியே படியில் இருந்தேன். அந்த இனிமையான குரல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நாங்கள் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, பாப்பா பெரியவளாகிவிட்டாள் என்று அத்தையிடமிருந்து போன் வந்தது. படக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன், எம்புள்ளைக்குப் பக்கத்துல நான் இல்ல பாருங்கண்ணே" என்று ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் தண்ணியுமாக வந்தார். பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பினோம். மறுநாள் காலை அடுத்த சுற்றுப்பயணத்துக்கு நான் வேனோடு போய் நின்றபோது பாப்பா வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. உதட்டைச் சுற்றி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"என்ன பாப்பா, பவுடர வாயில பூசிட்டியா?" என்றேன்.

அது சட்டென்று புறங்கையால் துடைத்துக்கொண்டது. கையில் பாதி சாக்பீஸ் இருந்தது. முகமும் அந்த சாக்பீஸும் ஒரே நிறம். ரத்தம் குறைந்த பிள்ளைகள் சாக்பீஸ் தின்னும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. படக்காரம்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் சரியா இருக்கில்லடி?"

"சரியாத்தாம்மா இருக்கு. நீ போயிட்டு வா."

"படத்துல சொன்னபடி செய்யறியா?"

"செய்யறேம்மா."

வேன் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். பாப்பா இரண்டு படி ஏறிவிட்டு மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டது. பெரிய பிள்ளையாகிவிட்ட கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். என் அறிவை என்னவென்று சொல்வது?

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நாங்கள் ஊர் சுற்றினோம். ஐந்தோ ஆறோ பள்ளிகள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம், படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளி பியூன் ஓடிவந்தார். தலைமை ஆசிரியை அறைக்குப் போன் வந்திருக்கிறது, மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். நான் கதவைத் தட்டினேன். அத்தனை வருஷத்தில் படம் ஓடும்போது நான் தட்டியது அன்றைக்கு மட்டும்தான். படக்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"பாப்பாவா?"

மூன்று மணி நேரப் பாதை. நாலாம் நம்பர் டப்பா அவர் மடியில் இருந்தது. பின்னால் வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. மேடு பள்ளத்தில் அது கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. நான் வேனை எவ்வளவு மிதித்தாலும் அது போகிற வேகம்தான் போனது.

ஆஸ்பத்திரியில் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் பாப்பா கிடந்தது. விரிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஓர் இளவயது டாக்டரம்மா வந்தார்.

"பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் மூணுல நிக்குது. நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும். பிறவியிலேயே ரத்தம் உறையறதுல கோளாறு இருக்கும்னு நினைக்கிறேன். இருபத்திரண்டு நாளா போயிட்டிருக்கு. யாருமே பாக்கலையா? ஏழு நாள் தாண்டின உடனே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலயே நிறுத்தியிருக்கலாம்."

படக்காரம்மா அத்தையின் பக்கம் திரும்பினார். "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அத்தை வெடித்து அழுதார். "கேட்டேன் அண்ணி, எத்தனையோ தடவ கேட்டேன். டாக்டர்கிட்ட போலாம்னு சேலகூட மாத்திட்டு நின்னேன். அம்மா படத்துல அப்படித்தான் சொல்லியிருக்காங்க, ஒண்ணும் இல்ல அத்தைன்னு அவதான் தடுத்துட்டா. படிச்சவங்க எடுத்த படம், நீங்களே போடறது. அதுக்கு எதிரா தையக்காரி நான் என்னத்தச் சொல்ல?"

பாப்பா கண்ணைத் திறந்தது. குரல் வரவில்லை, படக்காரம்மா காதைக் கொண்டுபோய் வாயருகே வைத்தார்.

"ஏன்டி கண்ணு என்கிட்டகூடச் சொல்லல?"

"நீ போட்ட படத்துலதானேம்மா வருது... ஏழு நாள் தாண்டினா பயப்பட வேண்டியதில்லன்னு."

"அப்படி எங்கயும் வராதுடி."

"வரும். பந்து விளையாடறப்ப."

படக்காரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "புள்ள என்னமோ உளறுது அண்ணே. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. ஏழு நாள் தாண்டினா டாக்டர்கிட்ட காட்டணும்னுதான் வரும், அதுகூட நான்..."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஒன்பது வருஷம் காதில் விழுந்தது தானாகவே வாயில் வந்துவிட்டது, அதே ஏற்ற இறக்கத்தோடு.

"ஏழு நாள் தாண்டினால் பயப்பட வேண்டியதில்லை. வழக்கம்போல் விளையாடலாம், சிரிக்கலாம்."

அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது? அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். எந்த நொடி எங்கே போய் உட்கார்ந்தது என்று மனத்துக்குள் சுருளை ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

பாப்பா அன்றைக்குச் சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டது. அன்றைக்குத்தான் படக்காரம்மா அலுவலகத்துக்கு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் நடுக் கூடத்தில் மெஷினை வைத்து, ஸ்பீக்கர் வயரை மாட்டி, சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்தார். நான் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மெஷின் பக்கத்தில் பழைய ஆபரேட்டரை நிறுத்திவிட்டு, அவர் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். தலைமை கிளார்க் பதறிப்போய் ஓடிவந்தார்.

"என்னம்மா இது? சத்தத்தக் குறைங்க, வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"கேளுங்க சார்" என்றார் படக்காரம்மா, திரும்பாமலேயே. "அன்னிக்கே கேட்டிருக்கணும். இப்பவாவது கேளுங்க."

டாக்டர் காட்சிக்குரிய முதல் நொடி, "ஏழு நாள் தாண்டினால்", பந்து விளையாடும் பிள்ளைகளின் மேல் வந்தது. பந்து விளையாட்டுக்கு உண்மையில் இருந்த முதல் நொடிச் சத்தம் வெட்டியதோடு போய்விட்டிருந்தது. "இதையெல்லாம் அறிந்தவள் பயப்பட வேண்டியதில்லை" என்பதில் தலைப்பகுதி போய், அந்த இடத்தில் டாக்டரின் எச்சரிக்கை உட்கார்ந்திருந்தது. ஒரே குரல், ஒரே இழுப்பு. தையல் தெரியாத ஒட்டு. அதைவிடச் சுத்தமாக யாரும் ஒட்டியிருக்க முடியாது.

பவுடர் டப்பாவிலிருந்த துண்டை அன்று மாலையே அவர் திரும்ப ஒட்டினார். ஓட்டும்போது அந்த இடத்தில் மறுபடியும் படம் துள்ளியது. துள்ளட்டும் என்றார். பிறகு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒன்பது வருஷத்துப் பள்ளிகளின் பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். சாயப் பட்டறைப் பள்ளியில் விரல் நின்றது.

"அண்ணே, மொத நாளையும் சேத்தான்னு கேட்டா" என்றார். "நான் சபாஷ்னு சொன்னேன்."

சனிக்கிழமை, யாரிடமும் அனுமதி கேட்காமல் வேனை எடுத்தேன். பள்ளியில் விசாரித்துப் போனோம். பட்டறைகளுக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக இரண்டு அறை வீடு. வக்கீலின் அம்மா சாயம் ஏறிய கையோடு கதவைத் திறந்தார். முழங்கை வரை நீலம். படக்காரம்மா தான் யாரென்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீங்களா அது? உள்ள வாங்க, உள்ள வாங்க. எம்பொண்ணு உங்களப் பத்தியேதான் பேசுவா. மெஷின தொட விட்டீங்களாமே."

அவர்கள் உள்ளே போனார்கள். நான் வழக்கம்போல வெளியே, ஜன்னலுக்குக் கீழே, வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். பேச்சு முழுசும் கேட்டது.

"கடைசி வரைக்கும் அவ பயப்படவே இல்லம்மா. நான்தான் பயந்து செத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்டின்னு கையப் புடிச்சு இழுத்தேன். அவ எனக்கே பாடம் எடுத்தா. ஏழு நாள் தாண்டினா பயப்பட வேண்டியதில்லம்மா, படத்துல தெளிவா சொன்னாங்க, நான் படக்காரம்மாகிட்டயும் கேட்டுக்கிட்டேன்னு. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தா. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நான் இன்னிக்கும் சொல்றது அதுதான். சாகற வரைக்கும் எம்பொண்ணுக்குப் பயம்னா என்னன்னு தெரியல. அந்தத் தைரியம் உங்க படம் குடுத்தது."

படக்காரம்மா சொல்லாமல் எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வந்துவிட வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அப்புறம் அவருடைய பெரிய குரல் சின்னதாகக் கேட்டது.

"அந்த வார்த்த படத்துல கிடையாதும்மா. ஏழு நாள் தாண்டினா உடனே டாக்டர்கிட்ட காட்டணும்னுதான் இருந்துச்சு. கிழிஞ்சுபோச்சுன்னு நான் வெட்டிட்டேன். வெட்டின எடத்துல அது இப்படி மாறிப்போச்சு. நான் கேட்டுப் பாக்கல. உங்க பொண்ணு கேட்டப்பவும் எனக்குப் புரியல."

இதற்கு மேல் வெளியே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. எழுந்து வாசலைத் தாண்டி உள்ளே போய் நின்றேன். "நான் கேட்டேம்மா" என்றேன். "வேன் டிரைவர். ஒன்பது வருஷமா ஜன்னலுக்கு வெளிய உக்காந்து நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்போம். அவர் மெதுவாகச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நீலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை கணக்குக் கேட்பதுபோல, படக்காரம்மாவிடம் கேட்டார்.

"அப்ப அவ பயந்திருக்கணுமா?"

"ஆமாம்மா" என்றார் படக்காரம்மா. "பயந்திருக்கணும்."